முன்னிலை ஒருமை

மைக் நீலமாகியிருந்தது. நீலமென்றால் கேட்டாயிற்று, வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலை எதிர்ப்பக்கம் காதில் வாங்கியாயிற்று. எதிர்ப்பக்கம் இருப்பவளோ பூரணி அக்கா, கோவில்பட்டி வீட்டில், உள்ரூம் கட்டிலில், ஐப்பசியிலிருந்து எழுந்து நடமாடாத பூரணி அக்கா. செண்பகா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தாள், வெயில் பட்டு அப்படித் தெரிகிறதோ என்று ஒரு நப்பாசை, கையால் மறைத்துப் பார்த்தாலும் அது நீலம்தான். பஸ் கொக்கிரகுளம் திரும்பி ஆற்றுப்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மடியில் மூன்று பைகள், மூன்றும் அவளுடையவை அல்ல. டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவள் நிற்பவர்களின் பைகளை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் வாங்காதவளை பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அடியில் இருந்த பையில் எவளுடையதோ சோற்று டப்பா, கொதிக்கக் கொதிக்க அடைத்திருப்பாள்போல, தொடை சுட்டது. நகர்த்தி வைக்கலாம். நகர்த்தவில்லை, சுடட்டும் என்று விட்டாள், இதெல்லாம் உனக்குப் பத்தாது என்று உள்ளே ஒன்று சொன்னது, அந்த உள்ளே இருக்கும் ஒன்றின் பேச்சினால்தானே இவ்வளவும், அது இன்னும் வாயை மூடவில்லை பார்.

தை பிறந்த கையோடு பிடித்த பழக்கம் அது. ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும், அடித்ததும் அமர்த்துவாள், எழ மாட்டாள். எழாததற்கு உடனே தண்டனை உண்டு. தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ள வாட்ஸ்அப்பில் ஓர் இடம் இருக்கிறதே, பால் பாக்கெட், புத்தகத்தின் பெயர், கரண்ட் பில் என்று நாள் முழுக்க எதையாவது அதில் போட்டுக்கொண்டே இருப்பதால் அது எப்போதும் மேலேயே நிற்கும், அதைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விடுதி அறையின் அடுத்த கட்டிலுக்குக் கேட்காத குரலில் தன்னைத் திட்டுவாள். திட்டி அனுப்பிவிட்டுப் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவாள். தண்டனை முடிந்துவிட்ட கைதிக்குத் தூக்கம் நன்றாகவே வரும். கண்ணாடி போடுவதில்லை, கண்ணையே முழுதாகத் திறப்பதில்லை, விரலுக்கு வழி தெரியும். இன்றைக்கும் விரல் பழைய இடத்துக்குத்தான் போனது. ஆனால் மேலே நின்றது இவளல்ல. அலாரம் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பூரணி அக்கா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், அதனால் அக்கா மேலே ஏறிவிட்டாள், இவள் ஒரு படி கீழே இறங்கிவிட்டாள், ஒரு விரற்கடை தூரம், அவ்வளவுதான் வித்தியாசம். 'உறக்கமே வரலட்டி. ரெண்டு நாளைக்கு உங்கூட வந்து இருக்கட்டா? உனக்குத் தொந்தரவு இல்லன்னா.' மூன்று மாதத்தில் அக்கா தானாக எழுதிய முதல் வார்த்தை. தானாகக் கேட்ட முதல் காரியம். அதற்கு நேர் கீழே, பதில் மாதிரியே, பதில் போடும் அவசரத்தில் தட்டச்சு செய்யக்கூடப் பொறுக்காமல் பேசி அனுப்பியது மாதிரியே, செண்பகாவின் குரல்.

என்ன சொன்னோம் என்று யோசிக்கவே வேண்டாம், தினமும் ஏறக்குறைய அதே பாட்டுதான். இன்னைக்கும் எந்திரிக்கல பாத்தியா. வெக்கம்னு ஒண்ணு உண்டுமா உனக்கு. திங்கது, உறங்குதது, மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கது. இதுவரைக்கும் எதையாவது முழுசாக் கொண்டு சேத்திருக்கியா நீ? எல்லாத்தையும் பாதியிலேயே தொலைச்சிருவே. எத்தனை நாளைக்கு எல்லாரும் உன்னத் தாங்கிட்டு இருக்கணும்? நடிக்காத. எந்திரி, மூதி. அதற்குப் பிறகு ஒரு கொட்டாவி விட்டோமே, ஆமாம் விட்டோம், விட்டுவிட்டு, ரெண்டாவது சாப்டரை என்னைக்குக் குடுப்பே, கைடு மொகத்துல எப்படி முழிப்பே என்று இன்னும் இரண்டு வரி. பாதியிலேயே தொலைச்சிருவே. செண்பகா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். தன் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றித்தான் அவள் அதைச் சொன்னாள், பாதியில் விட்ட ஹிந்தி வகுப்பையும், பாதியில் விட்ட நடைப்பயிற்சியையும், சர்க்கரை போடாத காபியையும் சேர்த்துச் சொன்னாள். அதைக் கேட்டவள் ஏழாம் மாதத்தில் வயிற்றில் இருந்ததைப் பறிகொடுத்தவள். முழுசாக் கொண்டு சேத்திருக்கியா நீ. கீழே ஆற்றில் யாரோ ஒருத்தி முழங்கால் தண்ணீரில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தாள், பஸ் நகர நகர அவள் பின்னால் போனாள், அவளிடம் போன் இருக்காது, இருந்தாலும் ஈரக்கையால் தொட மாட்டாள், அவள் இந்த நேரத்தில் யாரையும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள், பூமியில் உள்ள எல்லாப் பெண்களும் இந்தக் காலையில் யாரையும் எதுவும் சொல்லாமல்தான் இருப்பார்கள், இவள் ஒருத்தியைத் தவிர.

அழித்துவிட்டாள். அதுதான் அடுத்த கூத்து. நீலத்தைப் பார்த்த நிமிஷத்திலேயே கை தானாகப் போய் 'எல்லாருக்கும் நீக்கு' என்பதை அழுத்திவிட்டது, அழுத்திய பிறகுதான் புத்தி வந்தது. கேட்ட பிறகு அழித்து என்ன பிரயோஜனம், கேட்டது காதில் இருக்கிறது, அதையா நீக்க முடியும்? அதைவிட மோசம், அந்த இரண்டாவது சாப்டர். அது ஒன்றுதானே சாட்சி. கைடு என்றும் சாப்டர் என்றும் சொன்ன அந்தக் கடைசி இரண்டு வரியைக் கேட்டிருந்தால் அக்காவுக்கு, இது நம்மைச் சொன்னதில்லை என்று பச்சைப்பிள்ளைக்குத் தெரிவதுபோலத் தெரிந்திருக்கும். ஆனால் அதுவரைக்கும் எவள் கேட்பாள்? மூதி வரைக்கும் கேட்டவள் அதற்கு மேல் கொட்டாவியையும் கேட்டுக்கொண்டா இருப்பாள்? பாதியில் நிறுத்தியிருப்பாள். மீதியைக் கேட்கலாம் என்று பிறகு மனசு வந்திருந்தாலும் கேட்க முடியாது, இவள் அழித்துவிட்டாள். இப்போது அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது. அறைந்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டவள் மாதிரி. உடனே போன் செய்தாள், மணி முழுக்க அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை. "எம்மா, அந்தக் கம்பிய விடுதியா, நான் புடிச்சிக்கிடுதேன்" என்றாள் நின்றுகொண்டிருந்த அம்மாள், சோற்று டப்பாக்காரி. செண்பகா கையை எடுத்தாள். கையில் துருவின் வாசம்.

எழுதிப் பார்த்தாள். 'யக்கா அது உனக்கில்ல.' அழித்தாள். 'யக்கா நான் என்னைத்தான் சொன்னேன்.' படித்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. உலகத்தில் மாட்டிக்கொண்டவன் அத்தனை பேரும் சொல்வது அதுதான், உன்னைச் சொல்லல, பொதுவாச் சொன்னேன், என்னையே சொல்லிக்கிட்டேன். துறையில் யாராவது இப்படி ஒரு சமாதானத்தைக் கொண்டுவந்தால் முதலில் எழுந்து நிற்பவள் செண்பகாதான், அதெப்படி, உன்னையே நீ சொல்லிக்கொள்வதாக இருந்தால் நான் என்று அல்லவா வரவேண்டும், நீ என்று எப்படி வந்தது என்று கேட்டு ஆளைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிடுவாள். நியாயமான கேள்வி. எப்படி வந்தது? நானொரு மூதி என்று சொல்லிப் பார்த்தாள், உதட்டுக்குள். அது திட்டு மாதிரியே இல்லை, யாராவது இல்லை என்று சொல்லுங்களேன் என்று கெஞ்சுவது மாதிரி இருந்தது. நீயொரு மூதி. இதில்தான் கனம் இருக்கிறது, கையில் பிரம்போடு ஒருத்தி நிற்கிறாள். ஆக, திட்டுவதற்கு ஒருத்தி, வாங்கிக்கொள்வதற்கு ஒருத்தி, இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. ஆணா பெண்ணா, பெரியவளா சின்னவளா, படித்தவளா பிள்ளை தங்காதவளா, அந்த 'நீ' என்ற சொல்லுக்கு எதுவும் தெரியாது, எந்தக் காதில் விழுந்ததோ அந்தக் காதுக்காரியின் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முறையாவது பெயரைச் சொல்லியிருக்கலாமே. ஏட்டி செண்பகா, எந்திரி என்று ஆரம்பித்திருந்தால் முடிந்தது கதை. பெயரைச் சொல்லித் திட்ட ஏன் வரவில்லை? பெயரைச் சொன்னால் ஒரு முகம் வந்துவிடும், எண்ணெய் வடிகிற, கண்ணாடி போட்ட, பஸ்ஸில் மடி நிறையப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகம், அந்த முகத்தைப் பார்த்து அவ்வளவும் சொல்ல முடியாது, அதனால்தான். அப்படியென்றால் முகம் பார்த்துச் சொல்ல முடியாததைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாயா? சரி, உன் வாதத்தை நிறுத்து, அக்காவுக்கு என்ன பதில்? அவள் திரையில் நீ எழுதுவதும் நிறுத்துவதும் தெரிந்துகொண்டே இருக்கும், அவள் பார்த்துக்கொண்டிருந்தால். பார்த்துக்கொண்டிருக்கிறாளா?

ஜங்ஷனில் பாதிப் பேர் இறங்கினார்கள், அதற்கு மேல் ஏறினார்கள். மடியில் இருந்த பைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள், சோற்று டப்பாக்காரி "வாரேம்மா" என்று உறவுக்காரியிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கினாள், மடி திடீரென்று வெறுமையாகி, சுட்ட இடம் குளிர்ந்தது. அந்த வெறுமையில்தான், இதுவரை ஓரமாக நின்ற ஒன்று முன்னால் வந்து உட்கார்ந்தது. அக்காவைச் சொல்லவில்லை என்று இவ்வளவு அடித்துப் பேசுகிறாயே, நிஜமாகவே சொல்லவில்லையா? பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது உள்ரூம் வாசலில் நின்றாயே. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் தட்டு, தட்டில் சர்க்கரைப் பொங்கல் ஆடை கட்டிக் கிடந்தது. அப்போது உள்ளே என்ன ஓடியது? பாவம் என்றா ஓடியது? ஓடியது இது: இன்னும் எத்தனை நாளைக்கு. வார்த்தைக்கு வார்த்தை இதேதான், எத்தனை நாளைக்கு எல்லாரும் தாங்கிட்டு இருக்கணும். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே. எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள், இவள் மட்டும் வராந்தாவில் ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது பிறகு கண்டுபிடித்த காரணம், அந்த நேரத்துக் காரணம் செமினார். பிறகு அக்காவுக்கு வீடியோ அனுப்பினாள். துக்கத்திலிருந்து வெளியே வரப் படிகள். காலையில் எழுந்தவுடன் நன்றி சொல்ல வேண்டிய விஷயங்கள். மூச்சுப் பயிற்சி. நடந்தால் எண்ணிச் சொல்கிற ஒரு ஆப், அதை இறக்கிக்கொள்ள லிங்க் வேறு. ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்து இவள் திருப்தியானாள், நம் கடமையைச் செய்தோம் என்று. அக்காவுக்குச் சர்க்கரைப் பூச்சோடு அனுப்பியதைத் தனக்குப் பூச்சில்லாமல் அனுப்பிக்கொண்டாள், சரக்கு ஒன்றுதான். இன்று காலையில் பூச்சில்லாதது அந்த வீட்டுக்குப் போய்விட்டது. அப்படியானால் மாறிப் போயிற்று என்று எப்படிச் சொல்வது?

இதில் சிரிக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு, சிரிக்கத்தான் முடியவில்லை. இதே செண்பகாதான் மார்கழிக் கடைசியில் பல்கலைக்கழக அரங்கத்தில் எழுந்து நின்று ஒரு மனிதரை மறித்தவள். வாழ்வியல் பயிற்சியாளராம். கன்னத்தோடு ஒட்டிய மைக், காலில் வெள்ளை ஷூ, மேடையில் இங்கிருந்து அங்கே அங்கிருந்து இங்கே நடந்துகொண்டு, ஐந்து மணிக்கு எழுபவர் ஆள்கிறார், ஏழு மணிக்கு எழுபவர் ஆளப்படுகிறார் என்றார். செண்பகா கையைத் தூக்கினாள். "சார், எங்க அம்மா முப்பது வருசமா நாலு மணிக்கு எந்திரிக்கா. அவ எதை ஆளுதான்னு சொல்லுங்க." அரங்கம் கைதட்டியது, விசில்கூட வந்தது. அந்த மனிதர் அசரவில்லை. நெஞ்சில் கையை வைத்து, "அம்மாதானே தங்கச்சி இந்த உலகத்தையே ஆளுறாங்க" என்றார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டு. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. கேள்வியைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டானே என்று விடுதி வரைக்கும் கத்திக்கொண்டே வந்தாள், சம்பளம் கேட்கிற இடத்தில் மனசை மாற்றிக்கொள் என்பான், வேலை கேட்கிற இடத்தில் விடியலில் எழு என்பான், ஊரில் உள்ள குற்றத்தையெல்லாம் நம் போர்வைக்குள் கொண்டுவந்து வைப்பான், இதற்கு நாமே பணம் கொடுத்துச் சீட்டு வாங்குகிறோம் என்று கூட வந்தவர்களின் காது புளிக்கப் பேசினாள். அவ்வளவும் சரிதான், இப்போதும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டாள். ஆனால் அன்று ராத்திரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், அலாரத்தை ஐந்துக்கு வைத்தவள் யார்? ஒருவேளை அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்று ஒரு பயம். எல்லாரும் ரகசியமாக எழுந்துகொண்டிருக்க, நாம் மட்டும் கொள்கை பேசிக்கொண்டு தூங்கிவிட்டால்? ஊரறிய ஒரு வாய், தனக்கென்று ஒரு வாய். மேடையில் இருந்தவரையாவது கேள்வி கேட்க முடிந்தது. உள்ளே நடக்கிறவருக்குக் கன்னத்தில் மைக்கும் இல்லை, அரங்கமும் இல்லை, கை தூக்கினால் பார்க்கவும் மாட்டார்.

டவுன் ரதவீதியின் நெரிசலில் பஸ் ஊர்ந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது, வந்ததும் வழக்குரைஞருக்குச் சாட்சி கிடைத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழையது இருக்கிறதே. தை மாதத்திலிருந்து தனக்கு அனுப்பிக்கொண்ட அத்தனையும் அங்கேயே வரிசையாக இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து அக்காவுக்கு அனுப்பினால் போதும், பார், தினமும் இதுதான் என் பூஜை, இன்று தவறி உன் பக்கம் வந்துவிட்டது என்று. எதை அனுப்பலாம்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள். முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு அந்தக் குரல். செண்பகாவுக்கு ஒரு கணம் அது யாரென்று பிடிபடவில்லை. தூக்கத்தில் கட்டிய, அடித்தொண்டையில் இருந்து வருகிற, ரொம்ப நிதானமான குரல், கத்தவே இல்லை. கத்தியிருந்தால் கோபம் என்று விட்டுவிடலாம். அடிக்கிறவள் களைக்காமல் இருப்பதற்காக மெல்ல மெல்ல அடிப்பதுபோல இருந்தது. 'ஒரு மனுசி சாகாம இருக்கதே பெரிய காரியம்னு நெனச்சிக்கிட்டு இருக்கியோ.' இதையா சொன்னோம்? எந்த நாளில்? சட்டென்று நிறுத்தினாள். அடுத்ததைத் தொட்டாள், இரண்டு வார்த்தையில் நிறுத்தினாள், அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்க்கவில்லை, இருந்தாலும் திரையை மார்போடு சாய்த்துக்கொண்டாள். இதில் எதை அனுப்புவது? எதையும் அனுப்ப முடியாது. தனக்குச் சொன்னது என்று நிரூபிப்பதற்காக அக்காவின் காதில் இதைப் போட முடியாது, எதிரி வீட்டுப் பெண்ணின் காதிலும் போட முடியாது, விடுதியில் குப்பை அள்ள வருகிறவளை எவனாவது இந்தக் குரலில் பேசினால் செண்பகா சும்மா விடுவாளா, மறியலுக்கே ஆள் சேர்ப்பாள். காது மடல் எரிந்தது. வெட்கம் என்று சொல்வதெல்லாம் இதுவரை வேறு ஏதோ. பாத்ரூமில் இருக்கும்போது கதவைத் திறந்துவிட்டது மாதிரி ஒரு வெட்கம் இது, அதுவும் கதவைத் திறந்து பார்த்தவளும் தானே.

பேட்டை தாண்டியதும் கூட்டம் குறைந்து காற்று வந்தது. அவள் மறுபடியும் போன் செய்தாள். இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அம்மா.

"செண்பகா, உனக்கு நூறு ஆயுசு" என்றாள் அம்மா. குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் அதில் ஒரு துள்ளல். "அவ எந்திரிச்சிட்டாட்டி. விடிஞ்சதும் தானா எந்திரிச்சி, கட்டில் விரிப்பெல்லாம் உருவித் துவைக்கப் போட்டுட்டா. இப்பம் தலைக்கு ஊத்திக்கிட்டு இருக்கா. நான் கேட்டேன், என்னட்டி திடீர்னுன்னு. செண்பகா சொன்னா, எந்திரிச்சேன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. நாங்களும் தாங்கித் தாங்கிப் பாத்தோம், மூணு மாசமா. நீ என்ன மந்திரம் போட்டியோ, நல்லா இருப்பே நீ."

செண்பகாவின் உள்ளே ஒன்று சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து நின்றது: பார்த்தாயா, வேலை செய்கிறது. எழுந்துவிட்டாள். குளிக்கிறாள். நீ வெட்கப்பட்டு என்ன ஆயிற்று, பலன் கைமேல். இப்படியே விட்டுவிட்டால் என்ன? அம்மாவுக்கும் சந்தோஷம், அக்காவும் நடமாடுவாள், நீ தவறி அனுப்பினாய் என்று ஒருத்திக்கும் தெரியப்போவதில்லை, நல்லதற்குத்தான் கடிந்து சொன்னாள் தங்கச்சி என்று வீட்டில் ஒரு கதை நிற்கும், காலகாலத்துக்கும் நிற்கும். அந்த வெள்ளை ஷூக்காரர் இப்படித்தான் ஊர் ஊராகச் சம்பாதித்திருப்பார், அடிபட்டு எழுந்தவர்களின் நன்றியை. எழுந்தவர்கள் எதற்காக எழுந்தார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். இந்தத் தை மாசிக் குளிரில், ராத்திரி முழுக்க உறங்காதவள், பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள், யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாதென்று.

"அம்மா, அவகிட்ட குடு" என்றாள்.

"குளிச்சிட்டு வரட்டுமே."

"இப்பவே குடும்மா. கதவைத் தட்டிக் குடு."

அம்மா முனகிக்கொண்டே போனாள். கொல்லைக் கதவு, வாளிச் சத்தம், தண்ணீர் நின்ற சத்தம். பிறகு மூச்சு.

"சொல்லுட்டி" என்றாள் பூரணி அக்கா. பல் கிட்டித்துப் பேசினாள்.

"யக்கா, அந்த வாய்ஸு."

"கேட்டேன்."

"முழுசாக் கேட்டியா?"

"பாதி கேட்டேன். அதுக்கு மேல முடியல. பொறவு பாத்தா நீயே அழிச்சிட்டே. பரவாயில்லட்டி, ஒளிக்கதுக்கு என்ன இருக்கு. சரியாத்தான் சொன்னே. எல்லாரும் நெனைக்கதை நீ சொன்னே, அவ்வளவுதான். நானும் அங்க வந்து உன்னையும் கெடுக்கணுமான்னு..."

"அது உனக்கில்லக்கா."

"சரி."

"சரிங்காதே. நெசமாச் சொல்லுதேன். எனக்குச் சொன்னது. நான் தினமும் எனக்கு அப்படிப் பேசி அனுப்பிக்கிடுவேன். கண்ணாடி போடாம உன் பேரை அமுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் தலைமுடியிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டுவது மட்டும் கேட்டது, அல்லது கேட்பதாக நினைத்துக்கொண்டாள்.

"உனக்கா?" என்றாள் அக்கா. "நீயே உனக்கா?"

"ம்."

"தினமுமா?"

"எந்திரிக்காத அன்னைக்கி."

"என்னைக்கி நீ எந்திரிச்சிருக்கே?"

செண்பகாவுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்தது. பக்கத்தில் இருந்த பெண் இப்போது திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும்.

"எம்மேலயும் கொஞ்சம் உண்டும்லா?" என்றாள் அக்கா. குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, உப்பு போட்டாயா என்று கேட்பது மாதிரிக் கேட்டாள்.

இல்லவே இல்லை என்பதற்கு நாக்கு தயாராக இருந்தது. இவ்வளவு நேரம் பஸ்ஸில் கட்டிவந்த வாதமெல்லாம் அதற்குத்தானே. வயலும் புளியமரமுமாக ஜன்னலில் ஓடின. "கொஞ்சம் உண்டுக்கா" என்றாள் செண்பகா. "பொங்கலுக்கு வந்தப்போ. வாசல்ல நின்னுட்டு அப்படித்தான் நெனச்சேன்."

"தெரியும். நீ அனுப்புன வீடியோவப் பாத்தாலே தெரியாதா?"

"அதையெல்லாம் பாத்தியா நீ?"

"ஒண்ணு பாத்தேன். ஒருத்தன் மூச்சு விடுங்க, மூச்சு விடுங்கன்னான். விட்டுக்கிட்டுத்தான இருக்கேன், அது ஒண்ணுதான செய்யுதேன்னு அமத்திட்டேன்."

"மன்னிச்சிருக்கா."

"ம்."

"இன்னைக்கே வா. வார்டன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஜங்ஷனுக்கு வந்து நிக்கேன்."

"வந்தா உறங்கத்தான் செய்வேன், இப்பமே சொல்லிட்டேன். ஊரைச் சுத்திப் பாரு, கோயிலுக்கு வான்னு இழுக்கக் கூடாது."

"உறங்கு."

"இப்பமும் போய்ப் படுக்கணும்போலதான் இருக்கு. எந்திரிச்சிட்டேன்னு அம்மை பூரிச்சிப் போயி நிக்கா, அவளை எப்படிட்டி..."

"நீ தலையைத் துவட்டிட்டுப் போய்ப் படு. அம்மாகிட்ட நான் பேசுதேன்."

அக்கா துண்டைத் தேடுவதுபோல இருந்தது. தேடுகிற சத்தத்தினூடே, ஞாபகம் வந்தவள்போல, "ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நீ அவள என்னத்துக்குட்டி அப்படிப் பேசுனே?"

"எவளக்கா?"

"என் தங்கச்சிய."

பல்கலைக்கழகம் இறங்கு என்று கண்டக்டர் கத்தினார். செண்பகா எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் எழுந்தார்கள், ஒரு பை அவள் தோளில் இடித்துக்கொண்டு போனது. போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அவ பாவம்" என்றாள் அக்கா. "நாளைக்கு அவள உறங்க விடு."